தொட்டாற்சுருங்கி: பெயரின் வரலாறும் செடியின் வரலாறும்

முன்னுரை

தமிழகத்து வயல்வரப்புகளிலும் கேரளத்துத் தென்னந்தோப்புகளிலும் வங்கத்துச் சாலையோரங்களிலும் பாய் விரித்தாற்போல் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் சிறு செடி தொட்டாற்சுருங்கி. இது அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது, பல்லாண்டு வாழ்வது, சிறு முட்களும் இளஞ்சிவப்பு நிறப் பந்து போன்ற பூக்களும் உடையது. தொட்ட அளவில் இலைகளைக் கூப்பிக்கொள்ளும் இயல்பால் இச்செடி கல்லாதாரும் அறிந்த ஒன்றாக விளங்குகிறது. தாவரவியலார் இதனை மிமோசா புடிகா என்று வழங்குவர்.

இச்செடியின் தாயகம் இந்தியா அன்று. மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரையிலான வெப்பமண்டலப் பகுதியே ஆகும். 1753-இல் லின்னேயஸ் இச்செடிக்குப் பெயரிட்டபோது இதன் இருப்பிடமாகப் பிரேசிலையே குறித்தார். எனவே, 1492-இல் கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்ததற்கு முன்னர் இச்செடி இந்திய மண்ணில் இருந்திருக்க இயலாது என்பது தாவரவியலாரின் துணிபு. ஆனால், சித்தர்களின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில் தொட்டாற்சுருங்கி பேசப்படுகிறது. வடமொழி நிகண்டுகளிலும் இதனை ஒத்த பெயர்கள் காணப்படுகின்றன. இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

சிக்கலின் இயல்பு

இம்முரண்பாட்டிற்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. தொட்டாற்சுருங்கி என்னும் சொல் ஒரு நூலில் வந்தால் அந்நூல் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிற்பட்டதே என்பது ஒரு சாரார் கருத்து. சித்தர் நூல்கள் தொன்மையானவை. அவற்றில் இச்செடி இடம்பெறுவதால் இது இந்தியச் செடியே என்பது மற்றொரு சாரார் கருத்து. இவ்விரு கருத்துகளும் தம்முள் மாறுபட்டவை எனினும், இரண்டும் ஒரே அடிப்படையின்மேல் நிற்பவை. 'தொட்டாற்சுருங்கி என்னும் பெயர் எக்காலத்தும் மிமோசா புடிகா என்னும் ஒரே செடியையே குறித்தது' என்பதே அவ்வடிப்படை. அது வலியுடையதா என்று ஆராய்ந்த பின்னரே கால ஆராய்ச்சிக்குள் புகுதல் வேண்டும்.

அமெரிக்கச் செடிகளைக் கொண்டு நூல்களின் காலத்தைக் கணிக்கும் முறை தமிழாய்வுக்குப் புதியது அன்று. சித்தர் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்கள் சிலவற்றில் 'பறங்கிப் புண்' என்னும் நோய்ப்பெயரும் 'பறங்கிப்பட்டை' என்னும் மருந்துப்பெயரும் வருவதால் அவை அவ்வடிவில் 16ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை என்பது ஏற்கத்தக்க முடிபே. வடமொழியில் பாவமிச்ரர் இயற்றிய பாவப்பிரகாசம் 'பிரங்க ரோகம்' என்று அந்நோயைக் குறிப்பதும் இத்தகையதே. இவ்விடங்களில் 'பறங்கி' என்னும் அடையே காலத்தைக் காட்டிவிடுகிறது. தொட்டாற்சுருங்கி என்னும் பெயரில் அத்தகைய அடை ஏதும் இல்லை. சிக்கலின் வேர் இதுவேயாகும்.

புதுச்செடிகளுக்குப் பெயரிடும் மரபு

கடல் கடந்து வந்த செடிகளுக்குத் தமிழ் மக்கள் பெயரிட்ட முறையினை மூவகைப்படுத்தலாம். செடியோடு உடன் வந்த அயற்சொல்லையே சிறிது திரித்து வழங்குவது முதல்வகை. அன்னாசி, கொய்யா என்பன இதற்குச் சான்றுகள். தமக்கு முன்பே தெரிந்த ஒன்றன் பெயரோடு அடை சேர்த்து வழங்குவது இரண்டாம் வகை; பறங்கிக்காய், சீமைக்கருவேல் என்பன இதற்குச் சான்றுகள். மிளகின் காரத்தை ஒத்த காரமுடைய காய்க்கு மிளகாய் என்று பெயர் வந்ததும் இவ்வகையோடு வைத்து எண்ணத்தக்கது. பழைய செடி ஒன்றன் பெயர் எவ்வகை அடையும் இன்றிப் புதிய செடிக்கு அப்படியே பெயர்ந்து சென்றுவிடுவது மூன்றாம் வகை. முதலிரு வகைகளையும் சொல்லின் வடிவமே காட்டிக்கொடுக்கும். மூன்றாம் வகையைச் சொல்லின் வடிவத்தைக் கொண்டு மட்டும் அறிதல் இயலாது. சொல்லுக்கு வெளியே சான்று தேடவேண்டும். தொட்டாற்சுருங்கி இம்மூன்றாம் வகையைச் சார்ந்ததா என்பதே வினா.

தொட்டால் என்னும் வினையெச்சத்தோடு சுருங்கி என்னும் இகர ஈற்றுப் பெயர் புணர்ந்து அமைந்த காரணப்பெயர் இது. நாயுருவி, பூனைவணங்கி, தொழுகண்ணி, அழுகண்ணி என இவ்வாறு செயலால் பெயர்பெற்ற மூலிகைகள் தமிழில் பல உள. காரணப்பெயர் ஒரு பொருளின் இயல்பைச் சுட்டுமேயன்றிப் பொருளைத் தனித்து வரையறுப்பதில்லை. தொட்டால் சுருங்கும் எச்செடிக்கும் இப்பெயர் பொருந்தும். அவ்வாறாயின், மிமோசா புடிகா வருவதற்கு முன்னர் இந்நாட்டில் தொட்டால் சுருங்கும் செடிகள் இருந்தனவா என்பதை அடுத்து நோக்குதல் வேண்டும்.

தொட்டால் சுருங்கும் பிற செடிகள்

இந்தியாவில் இவ்வியல்புடைய செடிகள் வேறும் உள்ளன. அவற்றுள் மூன்று இவ்வாய்வுக்கு இன்றியமையாதன.

முதலாவது, பயோபைட்டம் சென்சிட்டிவம். இது அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது அன்று. புளியாரைக் குடும்பத்தைச் சார்ந்தது. ஒரு சிறு தண்டின் உச்சியில் குடை விரித்தாற்போல் இலைகள் சூழ நிற்கும். பார்வைக்குச் சிறு தென்னங்கன்று போலத் தோன்றும். பூக்கள் மஞ்சள் நிறமுடையன. இதன் சிற்றிலைகளும் தொட்டால் மடங்கும்.

இரண்டாவது, நெப்டூனியா ஒலரேசியா. இது அவரைக் குடும்பத்தைச் சார்ந்த பல்லாண்டுச் செடி. குளங்களிலும் ஏரிகளிலும் நீர்ப்பரப்பின்மேல் பாய் போல் படர்ந்து மிதப்பது. தண்டைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்ணிற உறை அமைந்திருப்பதால் இது மிதக்கிறது. பூக்கள் மஞ்சள் நிறப் பந்துகளாக அமையும், முட்கள் இல்லை. தமிழில் இது நீர்ச்சுண்டி, சுண்டிக்கீரை என வழங்கும்.

மூன்றாவது, நெப்டூனியா டிரைக்வெட்ரா. மேற்கூறிய நீர்ச்செடியின் இனத்ததே எனினும் இது வறண்ட நிலத்தில் தரையோடு படர்வது. இந்தியாவும் இலங்கையும் இதன் இயல்பான வாழிடங்கள்.

'சுண்டி' என்னும் பெயர் ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. சுண்டுதல் என்பதற்கு வற்றுதல், வாடுதல், சுருங்குதல் என்பன பொருள். குழம்பு சுண்டியது என்றும் முகம் சுண்டிப்போயிற்று என்றும் இன்றும் மக்கள் வழக்கில் கூறப்படுகின்றது. ஆகவே சுண்டி என்பதும் சுருங்கி என்பதும் பொருளால் ஒன்றே. தொட்டால் சுருங்கும் இயல்பைக் கொண்டு ஒரு செடிக்குப் பெயரிடும் வழக்கத்திற்கு மிமோசா புடிகாவின் வருகை தேவைப்படவில்லை என்பதனை இப்பெயர் உணர்த்துகிறது. இச்செடியைக் கீரையாக உண்டமையைச் சுண்டிக்கீரை என்னும் வழக்கு காட்டுகிறது. 1790-இல் லூரெய்ரோ கொச்சின்சீனத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் இதற்குச் சூட்டிய ஒலரேசியா என்னும் இலத்தீன் அடைக்கும் கீரையாகப் பயன்படுவது என்பதே பொருள். தாய்லாந்திலும் வியட்நாமிலும் இது இன்றும் விரும்பி உண்ணப்படும் கீரையாகும். சோழமண்டலக் கரையின் செடிகளை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பரோ, 1795 முதல் வெளிவந்த தம் நூலில் இதனை 'மிமோசா நாட்டன்ஸ்', அதாவது மிதக்கும் மிமோசா என்று குறித்தார்.

ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் தரும் சான்று

பெயர் ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குப் பெயர்ந்தது என்பதற்கு நேர்ச்சான்று மலையாள நாட்டிலிருந்து கிடைக்கின்றது. கொச்சியில் டச்சு ஆட்சித் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுப்பித்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் இலத்தீன் நூல் 12 தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 740-க்கும் மேற்பட்ட செடிகள் இதில் விளக்கப்பட்டுள்ளன. சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சார்ந்த இட்டி அச்சுதன் என்னும் மருத்துவரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் இந்நூலுக்குச் செய்திகளை வழங்கினர். கே.எஸ். மணிலால் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2003-இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்த பின்னர் இந்நூலின் செய்திகள் பரவலாக ஆய்வுக்கு உட்பட்டுவருகின்றன.

1689-இல் வெளிவந்த இதன் 9ஆம் தொகுதியில் 'தொட்டாவாடி' என்னும் பெயரோடு ஒரு செடியின் படம் உள்ளது. இன்று மலையாளத்தில் தொட்டாவாடி என்றால் அது மிமோசா புடிகாவே. ஆனால் அந்நூலின் தொட்டாவாடி மிமோசா புடிகா அன்று. மேலே முதலாவதாகக் கூறப்பட்ட பயோபைட்டம் ஆகும். லின்னேயஸ் 1753-இல் அச்செடிக்கு ஆக்சாலிஸ் சென்சிட்டிவா என்று பெயரிட்டபோது ரீட் நூலின் இப்படத்தையே எடுத்துக்காட்டினார். இதனை அடுத்து அதே தொகுதியில் 'நிதி தொட்டாவாடி' என்று படிக்கத்தக்க எழுத்துக்கூட்டலோடு மற்றொரு படம் உள்ளது. அது நீர்ச்சுண்டியின் படம். 1783-இல் லமார்க் அப்படத்தை அடிப்படையாகக் கொண்டே மிமோசா புரோஸ்ட்ராட்டா என்று ஒரு பெயரைச் சூட்டினார். செடி நீரில் மிதப்பது ஆதலின் 'நீர்' என்னும் அடையே அயலார் எழுத்துப்பெயர்ப்பில் அவ்வாறு திரிந்திருத்தல் கூடும்.

இச்சான்றிலிருந்து இரு செய்திகள் புலனாகின்றன. 17ஆம் நூற்றாண்டில் மலையாள மருத்துவரிடையே தொட்டாவாடி என்பது ஒரு செடிக்கு மட்டும் உரிய பெயராக இல்லாமல், இருவேறு குடும்பங்களைச் சார்ந்த செடிகளுக்குப் பொதுப்பெயராக விளங்கியது என்பது ஒன்று. அவ்விரண்டில் எதுவும் மிமோசா புடிகா அன்று என்பது மற்றொன்று. இன்று கேரளத்தில் பயோபைட்டம் 'முக்குற்றி' என்றே அழைக்கப்படுகின்றது. திருவாதிரை நாளில் மகளிர் சூடும் தசபுஷ்பம் பத்தனுள் அதுவும் ஒன்று. தொட்டாவாடி என்னும் பெயரை அது இழந்துவிட்டது. பின்னர் வந்து எங்கும் பரவிய அமெரிக்கச் செடி அப்பெயரைக் கைக்கொண்டது. மூன்றாம் வகைப் பெயரீடு நிகழ்ந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ரீடுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, கொச்சியில் மருத்துவராகப் பணியாற்றிய கிறிஸ்டோவாவோ ட கோஸ்டா 1578-இல் ஸ்பெயின் நாட்டின் புர்கோஸ் நகரில் வெளியிட்ட தம் மருந்து நூலில், உணர்வுடைய மூலிகைகளாக இரண்டினைத் தனித்தனியே விளக்கியிருப்பதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 'மிமோசா மூலிகை', 'உயிர் மூலிகை' என்பன அவர் வழங்கிய பெயர்கள். இவ்வியல்புடைய செடி ஒன்றல்ல, பல என்பதை அக்காலத்தார் அறிந்தே இருந்தனர்.

வடமொழிப் பெயர்கள்

வடமொழி மரபிலும் இதே நிலையினைக் காணமுடிகின்றது. அமரகோசத்தின் வனௌஷதி வர்க்கத்தில் 'நமஸ்காரி' என்னும் செடிப்பெயர் இடம்பெறுகின்றது. அந்நூல் கொலம்பஸின் பயணத்திற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. எனவே அமரகோசத்தின் நமஸ்காரி மிமோசா புடிகாவாக இருத்தல் இயலாது. 16ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பாவப்பிரகாசத்தில் 'லஜ்ஜாலு' என்பதற்குரிய பெயர்களுள் ஒன்றாக நமஸ்காரி வருகின்றது. 'சமீபத்ரா', அதாவது வன்னியிலை போன்ற இலையுடையது என்னும் பெயரும் உடன் வருகின்றது. வன்னியின் இலை இருமுறை பிரிந்த கூட்டிலை. பயோபைட்டத்தின் இலை ஒருமுறை பிரிந்ததே. ஆதலின், இப்பெயர் பயோபைட்டத்திற்குப் பொருந்தாமல் நெப்டூனியா, மிமோசா ஆகியவற்றிற்கே பொருந்துகின்றது. பிரங்க ரோகத்தை அறிந்த நூல் பாவப்பிரகாசம் ஆதலின், அதன் சான்றைக் கொண்டு மட்டும் இவ்விரண்டனுள் ஒன்றைத் துணிதல் இயலாது. இன்று ஆயுர்வேத மருந்துப் பட்டியல்களில் லஜ்ஜாலு என்பதற்கு நேராக மிமோசா புடிகா எனக் குறிக்கப்படுவது, நிகண்டின் காலத்தையும் இன்றைய காலத்தையும் ஒன்றெனக் கொண்டதன் விளைவாகும்.

பெயர்களின் பொருள் நோக்கும் ஆராயத்தக்கது. வடமொழியின் லஜ்ஜாலு, வங்காளியின் லஜ்ஜாவதி, இலத்தீனின் புடிகா ஆகிய மூன்றும் செடியின் செயலில் நாணத்தைக் கண்டன. நமஸ்காரி, தொழுகண்ணி என்பன வணக்கத்தைக் கண்டன. தொட்டாற்சுருங்கி, தொட்டாவாடி, சுண்டி என்பன எப்பண்பையும் ஏற்றிக் கூறாமல் நிகழ்ச்சியை மட்டும் உரைத்தன. பேச்சுவழக்கில் தோன்றிய தொட்டாற்சிணுங்கி என்பதே இதில் மனிதக் குணம் ஒன்றை ஏற்றியது. எளிதில் முகம் வாடும் மனிதருக்கும் அப்பெயர் ஆகுபெயராயிற்று.

சங்க இலக்கியத்தில் மென்மைக்கு உவமையாக விளங்கிய அனிச்சத்தை இச்செடியோடு இணைத்துக் காண்பது பொருந்தாது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் இடம்பெறும் அனிச்சம் ஒரு பூ. திருக்குறளின் 90ஆம் குறள் அது மோந்த அளவில் குழையும் என்கிறது. குழைந்த பூ மீள்வதில்லை. தொட்டாற்சுருங்கியின் இலையோ சிறிது நேரத்தில் மீண்டும் விரியும்.

அறிவியல் தரும் துணைச்சான்று

மிமோசா புடிகா வந்தேறிய செடி என்பதற்கு அண்மைக்கால நுண்ணுயிரியல் ஒரு புதிய சான்றினை வழங்கியுள்ளது. அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனை உரமாக்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மிமோசா இனத்தைச் சார்ந்த இந்தியச் செடிகளும் உள்ளன, அவை முட்புதர்கள். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களும் மிமோசா புடிகாவின் வேர்முடிச்சுகளில் வாழ்வனவும் வேறு வேறு என 2013-இல் 'அன்னல்ஸ் ஆஃப் பாட்டனி' இதழில் வெளிவந்த ஆய்வு நிறுவியது. மிமோசா புடிகாவோடு வாழ்வன அதன் அமெரிக்கத் தாயகத்திற்கு உரிய வகையைச் சார்ந்தவை. அதாவது, இச்செடி இந்திய மண்ணில் வேரூன்றிய பின்னரும் உள்ளூர் உறவினங்களின் துணையுயிரை ஏற்காமல் தன் பழைய துணையுடனேயே வாழ்கின்றது. பெயரை இந்நாட்டிலிருந்து பெற்றுக்கொண்ட செடி, தன் பிறப்பிடத்தின் அடையாளத்தை வேரில் தாங்கி நிற்கின்றது எனலாம்.

பெயர்க்குழப்பத்தைக் கடந்து இச்செடி இந்திய அறிவியலில் சிறப்பிடம் பெற்றது. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் தாவரங்களின் உணர்வினை ஆராய்ந்தபோது லஜ்ஜாவதியையும் தொழுகண்ணியையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். தொடுதலால் எழும் செய்தி செடிக்குள் மின்துடிப்பாகப் பரவுகிறது என்பதை அவர் காட்டினார். 1917-இல் அவர் நிறுவிய ஆய்வகம் இவ்வாய்வுகளைத் தொடர்ந்தது; 1926-இல் தாவரங்களின் நரம்பியக்கம் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. இலையடியில் உள்ள முட்டுப்பகுதியின் உயிரணுக்கள் நீரை இழப்பதால் இலை மடங்குகிறது என்பது இன்றைய விளக்கம். இம்மடக்கம் இலையை உண்ணும் பூச்சிகளிடமிருந்து செடியைக் காக்கிறது என ஜப்பானிய ஆய்வாளர் 2022-இல் மெய்ப்பித்தனர்.

பதிப்புக்கும் மருத்துவத்திற்கும் உரியன

இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சியோடு அமைவது அன்று. சித்த மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் மூலிகைப் பெயர்களுக்கு நேரே இலத்தீன் பெயர்களைத் தருவது வழக்கமாக உள்ளது. தொட்டாற்சுருங்கி என்பதற்கு எல்லா இடத்தும் மிமோசா புடிகா எனக் குறித்தால், பழைய மருத்துவர் கையாண்ட செடி வேறாகவும் இன்றைய நோயாளி உட்கொள்ளும் செடி வேறாகவும் முடிதல் கூடும். மிமோசா புடிகாவில் மிமோசின் என்னும் நச்சுத்தன்மை வாய்ந்த அமினோ அமிலம் உள்ளது. சுண்டியோ உணவாகும் கீரை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது நூற்பிழையாக மட்டும் நில்லாது.

எனவே, ஒரு நூலில் இப்பெயர் வருமிடத்து, பெயரை விடுத்து வருணனையை நோக்குதல் வேண்டும். முள்ளும் இளஞ்சிவப்புப் பூவும் கூறப்பட்டால் அது மிமோசா புடிகா. அப்பகுதி 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாகாது. நீரும் மிதத்தலும் மஞ்சள் பூவும் கூறப்பட்டால் அது நீர்ச்சுண்டி. குடை போன்ற இலையமைப்பும் மஞ்சள் பூவும் கூறப்பட்டால் அது பயோபைட்டம். வறண்ட நிலத்தில் படர்தலும் மஞ்சள் பூவும் கூறப்பட்டால் நெப்டூனியா டிரைக்வெட்ராவினைக் கருதலாம். வருணனை ஏதும் இன்றிப் பெயர் மட்டும் வருமாயின், அதனைக் கொண்டு நூலின் காலத்தை முன்தள்ளுவதும் பின்தள்ளுவதும் ஏற்புடையன அல்ல. அத்தகைய இடங்களில் இலத்தீன் பெயர் தராமல் விடுதலே பதிப்பு நெறிக்கு உகந்தது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. தொட்டால் சுருங்கும் இயல்பினைக் கொண்டு செடிக்குப் பெயரிடும் மரபு, மிமோசா புடிகாவின் வருகைக்கு முன்னரே இந்நாட்டில் நிலவியது. அமரகோசத்தின் நமஸ்காரியும் ரீட் நூலின் தொட்டாவாடியும் வேறு செடிகளையே குறித்தன. மலையாளத்தில் அப்பெயர் 17ஆம் நூற்றாண்டுக்குப் பின்னர் அமெரிக்கச் செடிக்குப் பெயர்ந்தது ஆவணச் சான்றால் உறுதியாகின்றது. தமிழில் தொட்டாற்சுருங்கி என்னும் பெயரும் அவ்வாறே பெயர்ந்திருத்தல் வேண்டும் எனக் கருத இடமுண்டு. சுண்டி என்னும் பெயர் இதற்கு அரண் சேர்க்கின்றது.

சித்தர் நூல்கள் தொட்டாற்சுருங்கியைக் கூறுவதால் அவை அனைத்தும் பிற்காலத்தன என்பதும் பிழை. அவை கூறுவதால் மிமோசா புடிகா இந்நாட்டுச் செடி என்பதும் பிழை. செடிக்கு ஒரு வரலாறு உண்டு. பெயருக்கு மற்றொரு வரலாறு உண்டு. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்த பின்னர் எழுந்த வழக்கையே இன்று காண்கிறோம். சந்திப்பதற்கு முன் அவை தனித்தனியே நடந்த வழியை அறிவதற்குத் தமிழ், மலையாளம், வடமொழி ஆகிய மூன்றன் மருத்துவ நூல்களையும் தாவரவியலோடு ஒருங்குவைத்து ஆராய்தல் இன்றியமையாதது.